நாய் காலைத் தூக்கும் இடம்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நாயைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் அதன் வாயைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது மிக அரிது. கடிபட்டவுடன் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி ஊசி போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அது வைரஸ் சமாசாரம். வீட்டுப் பிராணிகளுக்கும் மனிதர்களுக்கும் இடையே போய்வரும் பாக்டீரியாக்கள் பல. அவற்றில் இந்த ஊர் மண்ணுக்கு மிகவும் பொருந்துகிற ஒன்று, நாயின் வாயை நம்பி இருப்பதில்லை. நாய் காலைத் தூக்கும் இடத்தில் அது காத்திருக்கிறது.

அதன் பெயர் லெப்டோஸ்பைரா. அது தரும் நோய்க்கு நாம் வைத்த பெயர் எலிக்காய்ச்சல்.

சுருள் வடிவத்தில், முனை வளைந்த மிக மெல்லிய கிருமி இது. எலியின் சிறுநீரகக் குழாய்களில் குடியேறும். எலிக்குப் பெரிய கேடு எதுவும் செய்யாது. மாதக்கணக்கில் சிறுநீரோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். காய்ந்த மண்ணில் விழுந்தால் சீக்கிரம் செத்துப்போகும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். குதிகாலில் ஒரு வெடிப்போ கையில் ஒரு சிராய்ப்போ இருந்தால் அதன் வழியே உடம்புக்குள் நுழைந்துவிடும். கண், மூக்கு, வாயின் ஈரச் சவ்வு வழியாகவும் நுழையும்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். சுற்றிலும் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைகிற பூமி. மல்லாட்டை மூட்டை உள்ள வீட்டுக்கு எலி வரும். எலியைத் துரத்த ஒரு பூனையும், வாசலுக்கு ஒரு நாயும் இருக்கும். பின்கட்டில் மாட்டுக்கொட்டாய், பக்கத்தில் இரண்டு வெள்ளாடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இத்தனை பிராணிகளின் சிறுநீரும் ஒரே சேற்றில் கலக்கிறது. விடிந்ததும் வெறுங்காலோடு அந்தச் சேற்றில் இறங்கிச் சாணி அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ‘வளர்ப்புப் பிராணி’ என்றதும் சோபாவில் படுத்திருக்கும் லாப்ரடாரை மட்டும் காட்டுகிற சுகாதார விளம்பரங்கள் இந்தப் பின்கட்டுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கிருமியைத் தேடும் வேலை பழையது. சென்னை நோயாளிகளிடமிருந்து லெப்டோஸ்பைராவைப் பிரித்தெடுத்ததை ரத்னமும் அவருடைய கூட்டாளிகளும் 1983இல் வெப்பமண்டல மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். பிறகு, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேலத்து அரிசி ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் இதற்கான எதிர்ப்புப் புரதங்களைக் கண்டார்கள். அரிசி இருக்கும் இடத்தில் எலி இருக்கும் என்பதால் ஆலை வேலைக்காரர்கள் மாட்டிக்கொண்டதில் வியப்பில்லை. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இந்நோய் வருகிறது, 58,900 பேர் சாகிறார்கள் என்று 2015இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு சொன்னது.

இதில் நாயும் பாவம்தான். எலி விட்ட இடத்தை மோந்து, தேங்கிய தண்ணீரை நக்கிக் குடித்து நோயை வாங்கிக்கொள்கிறது. சில நாய்களுக்கு வாந்தி, மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு என்று முற்றும். சில நாய்கள் ஒன்றும் நடக்காததுபோல் வாலாட்டிக்கொண்டே கிருமியை முற்றத்தில் விட்டுக்கொண்டிருக்கும். “நாய்க்கு ஊசி போட்டாச்சு” என்று பலர் சொல்வது வெறிநோய்த் தடுப்பூசியை. அதில் இதற்கான மருந்து கிடையாது. பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியில்தான் லெப்டோஸ்பைரா இருக்கிறது, அதையும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். லெப்டோஸ்பைராவில் 250க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஊசி காப்பது அவற்றில் சிலவற்றிடமிருந்து மட்டும். அதனால் ஊசி போட்ட நாய் மூத்திரம் பெய்த இடத்தையும் கையுறை, செருப்போடு கழுவுவதே நல்லது.

கொட்டாயில் இன்னொரு கிருமி உண்டு, புருசெல்லா. மாடு சினை தங்காமல் கன்றை வீசிவிடுவதால் கன்று வீச்சு நோய் என்பார்கள். 1887இல் மால்டா தீவில் செத்துப்போன பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. பதினெட்டு வருடம் கழித்து, 1905இல், தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் என்ற உள்ளூர் மருத்துவர் ஆட்டு ரத்தத்தைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது: பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருந்த ஆடுகளின் பால். சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

நம் வீட்டில் பாலைப் பொங்கக் காய்ச்சும் வழக்கம் இந்த வாசலை நன்றாகவே அடைத்துவிட்டது. அடைபடாத வாசல் மாடு கன்று போடும் இடம். நஞ்சுக்கொடி விழாவிட்டால் வெறுங்கையால் இழுப்பது, வீசிய கன்றை வெறுங்கையால் எடுத்துப் புதைப்பது இரண்டும் ஆபத்து. காரணம், அந்தத் திசுவில்தான் கிருமி கொள்ளையாகச் சேர்ந்திருக்கும். மனிதருக்கு வந்தால் வந்துவந்து போகும் காய்ச்சல், மூட்டுவலி, ராத்திரி வியர்வை என்று மாதக்கணக்கில் இழுக்கும். 2019இல் மத்திய அரசு தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் நான்கிலிருந்து எட்டு மாதத்துக் கிடேரிக் கன்றுகளுக்கு இதற்கான ஊசி சேர்க்கப்பட்டது. ஆயுளுக்கு ஒரே ஒரு ஊசி. வயது தவறிவிட்டால் போட மாட்டார்கள் என்பதால் கன்று பிறந்த மாதத்தைக் குறித்து வைப்பது உதவும்.

வாயை முழுசாக விட்டுவிடவும் முடியாது. பூனைப் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும். மேலே புள்ளியளவு காயம்தான் தெரியும், உள்ளே பாஸ்சுரெல்லா என்ற கிருமி போய்விட்டிருக்கும். ஒரே நாளில் கை வீங்கிச் சிவந்தால் அதுதான் பெரும்பாலும் காரணம். பூனை பிறாண்டிய சில வாரத்தில் அக்குளில் நெறி கட்டினால் அது பார்டோனெல்லா. பூனை மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சிகள் பரப்புவது. மண்ணீரல் எடுத்தவர்கள் நாய் நக்குவதற்குக்கூடப் பயப்பட வேண்டும். மற்றவர்களில் பெரும்பாலோர் அந்த அளவுக்குக் கவலைப்படத் தேவையில்லை.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையும் இல்லை. அமெரிக்காவில் ஒரு தம்பதிக்கு, வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியால் தோல் புண் திரும்பத் திரும்ப வந்தது. மருந்து கொடுத்தால் ஆறும், விட்டால் வரும். கடைசியில் வீட்டு நாயின் மூக்கைச் சோதித்தார்கள். அதே கிருமி அங்கே இருந்தது. நாய்க்கும் சேர்த்து வைத்தியம் பார்த்த பிறகே அவர்களுக்கு விட்டது. 2003இல் மருத்துவ இதழில் வெளியான இந்த நிகழ்வில் நாய்க்குக் கொடுத்தவர்கள் எஜமானர்களாகவே இருந்திருக்கலாம். அந்தக் கிருமி அடிப்படையில் மனிதர்களோடு புழங்கும் கிருமி.

அப்படியென்றால் கொட்டாயை ஊருக்கு வெளியே தள்ளிவிட வேண்டுமா? அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். பூர்வீகமும் உணவுப் பழக்கமும் கிட்டத்தட்ட ஒன்று. அமிஷ்காரர்கள் வீட்டை ஒட்டிய தொழுவத்தில் மாடு வைத்துப் பழைய முறையில் பயிர் செய்கிறார்கள். ஹட்டரைட்டுகளின் பண்ணைகள் பெரியவை, இயந்திரமயமானவை, வீட்டிலிருந்து தள்ளி இருப்பவை. ஆஸ்துமா அமிஷ் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் குழந்தைகளில் சுமார் 21 சதவீதம் என்று முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்தன. வீட்டுத் தூசியில் உள்ள நுண்ணுயிர்ப் பொருட்கள் குழந்தையின் நோயெதிர்ப்பைப் பக்குவப்படுத்துவதை 2016இல் வந்த ஆய்வு இதற்குக் காரணமாகக் காட்டியது. கீழ்பென்னாத்தூர் பின்கட்டின் ஜாடை அந்த அமிஷ் தொழுவத்தில் இருக்கிறது. மூக்கில் ஏறும் தூசி உதவலாம். வெடித்த காலில் ஏறும் மூத்திரம் உதவாது.

மழைக்காலக் காய்ச்சலில் கெண்டைக்கால் தசை தொடமுடியாமல் வலித்து, கண் சிவந்திருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் வீட்டில் மாடு, நாய் இருப்பதையும் சேற்றில் இறங்கியதையும் நோயாளியே சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் என்றதும் முதலில் டெங்குவைத்தான் தேடுவார்கள். எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்புப் புரதம் முதல் வாரத்தில் ரத்தத்தில் தெரியாமலும் போகலாம். பரிசோதனை ‘இல்லை’ என்றாலும் சந்தேகம் இருந்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்தை மருத்துவர் முன்கூட்டியே தொடங்குவது அதனால்தான். அதே வாரத்தில் மாடு கன்றை வீசியிருந்தாலோ நாய்க்கு மஞ்சள் கண்டிருந்தாலோ, கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962ஐ அழைக்கலாம், இல்லை பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம்.