வாகனச் சுங்க ஏடு (கார்னே)

வாகனச் சுங்க ஏடு என்பது, சொந்த வாகனத்தை ஓட்டிக்கொண்டு பிற நாட்டுக்குள் சென்று, இறக்குமதி வரி கட்டாமல் சில காலம் அங்கே பயன்படுத்திவிட்டு, வெளியே கொண்டுவர உதவும் பன்னாட்டு ஆவணமாகும். இதன் பிரெஞ்சுப் பெயர் 'கார்னே த பாசாஜ் ஆன் துவான்'. 'கார்னே' என்றால் சிறு ஏடு. 'துவான்' என்றால் சுங்கம். பயணிகள் இதைச் சுருக்கமாகக் கார்னே என்று அழைக்கின்றனர்.

தேவை

கடவுச்சீட்டும் நுழைவிசைவும் மனிதருக்கு உரியவை. சுங்கத் துறையின் பார்வையில் வாகனம் என்பது எல்லை தாண்டி வரும் ஒரு பொருள். உள்ளே வந்த கார் அங்கேயே விற்கப்பட்டால் அரசுக்கு வரி இழப்பு ஏற்படும். ஒவ்வொரு எல்லையிலும் பெருந்தொகையை முன்பணமாகக் கட்டுவதும் பயணிக்கு இயலாதது. இந்தச் சிக்கலைக் கார்னே தீர்க்கிறது. இதற்கான விதிகள் 1954-ஆம் ஆண்டு நியூயார்க்கில் உருவான தனியார் வாகனங்களின் தற்காலிக இறக்குமதி பற்றிய உடன்படிக்கையில் உள்ளன.

பிணை

வாகன உரிமையாளரின் நாட்டிலுள்ள மோட்டார் வாகனக் கழகம் கார்னேயை வழங்குகிறது. வாகனத்தின் மதிப்பையும் செல்லும் நாடுகளையும் பொறுத்து அது உரிமையாளரிடம் பிணை பெறுகிறது. வாகனம் வெளியேறாவிட்டால் சுங்கத் துறை வரியைக் கழகங்களிடம் கோரும். அந்தத் தொகை உரிமையாளரின் பிணையிலிருந்து எடுக்கப்படும்.

அமைப்பு

கார்னே 5, 10 அல்லது 25 தாள்கள் கொண்டது. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். ஒரு நாட்டுக்குள் ஒருமுறை சென்று வர ஒரு தாள் செலவாகும். ஒவ்வொரு தாளும் மூன்று பகுதிகளாக இருக்கும்.

கீழ்ப்பகுதி: நுழையும் இடத்தில் சுங்க அதிகாரி கிழித்து எடுத்துக்கொள்வார்.
நடுப்பகுதி: வெளியேறும் இடத்தில் கிழிக்கப்படும்.
மேற்பகுதி: ஏட்டிலேயே இருக்கும். இதில் நுழைவு முத்திரை, வெளியேற்ற முத்திரை இரண்டும் பதிய வேண்டும்.

எடுத்துக்காட்டு

துருக்கியிலிருந்து ஈரான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வரும் பழைய தரைவழியைக் கொள்வோம். ஈரானின் பசர்கானில் முதல் தாளில் நுழைவு முத்திரை விழும். மிர்ஜாவேயில் அதே தாளில் வெளியேற்ற முத்திரை பெற வேண்டும். எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் தஃப்தானில் இரண்டாம் தாள் தொடங்கும். சாலையின் வலப்புறம் ஓட்டி வந்தவர் இங்கிருந்து இடப்புறம் ஓட்ட வேண்டும். வாகாவில் இரண்டாம் தாள் முடிந்து, அட்டாரியில் மூன்றாம் தாள் தொடங்கும். (2025 ஏப்ரலில் இந்தியா அட்டாரி சோதனைச் சாவடியை மூடியதால் இவ்வழி தடைப்பட்டது.)

முத்திரை விடுபட்டால்

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பதிவேட்டில் வரவு வைக்காவிட்டால் அது நம்மிடம் இருப்பதாகவே கருதப்படும். கார்னேயும் அப்படித்தான். வெளியேற்ற முத்திரை இல்லையென்றால், வாகனம் வீடு திரும்பிய பின்பும் அந்நாட்டுக் கணக்கில் அது உள்ளேயே இருக்கும். மாதங்கள் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரக்கூடும். எனவே எத்தனை நேரம் காத்திருக்க நேர்ந்தாலும், இரண்டு முத்திரைகளையும் தேதியையும் கண்ணால் பார்த்த பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும். விடுபட்டுவிட்டால், வாகனம் இப்போது வேறு நாட்டில் இருப்பதைச் சுங்கத் துறை போன்ற அதிகாரிகள் நேரில் பார்த்துத் தரும் சான்றிதழ் பெரும்பாலும் கைகொடுக்கும்.

விபத்தில் வாகனம் முற்றிலும் சேதமடைந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. உடன்படிக்கையின்படி வரி கட்டலாம், அரசிடம் ஒப்படைக்கலாம், அல்லது அதிகாரிகள் முன்னிலையில் அழிக்கலாம்.

வரம்புகள்

கார்னே காப்பீடு அன்று. ஓட்டுநர் உரிமமும் அன்று. மூன்றாம் நபர் காப்பீடும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தனியே தேவை. எல்லா நாடுகளும் கார்னே கேட்பதில்லை. சீனா இதை ஏற்பதில்லை. அங்கே தற்காலிக உரிமமும் எண் பலகையும் பெற வேண்டும். பயணம் முடிந்ததும் ஏட்டைக் கழகத்திடம் ஒப்படைத்து, கணக்கு நேர்செய்யப்பட்ட பின்னரே பிணை விடுவிக்கப்படும்.