கோடை வியாபாரத்தில் கடல்பாசியும் பாதாம் பிசினும்

பங்குனி பிறந்து விட்டால் நமது மளிகைக் கடைகளில் கடல்பாசி, பாதாம் பிசின், சப்ஜா விதை ஆகிய மூன்றுக்கும் கேட்பு வந்து விடுகிறது. ரமலான் நோன்பு எந்த மாதத்தில் வந்தாலும் கடல்பாசிக்கு ஒரு மாதம் நல்ல ஓட்டம் உண்டு. அரிசி, பருப்பு, எண்ணெய் போல மூட்டைக் கணக்கில் போகிற சரக்குகள் அல்ல இவை. பத்து கிராம், ஐம்பது கிராம் பொட்டலங்களாகக் கயிற்றில் தொங்குபவை. அதனாலேயே நம்மில் பலர் இவற்றைப் பற்றி அதிகம் தெரிந்து வைத்துக் கொள்வதில்லை. வாங்கிப் போன அம்மாள் வீட்டில் செய்து பார்த்து, சரியாக வரவில்லை என்றால், அடுத்த முறை அந்தச் சரக்கைக் கேட்பதில்லை. சரக்கைக் கொடுத்த கடை மீதும் ஒரு சந்தேகம் விழுந்து விடுகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். நாம் ‘சைனா கிராஸ்’ என்று விற்பது புல் அல்ல. சீனச் சரக்கும் அல்ல. உலர்ந்த புல்லைப் போல வெள்ளை இழைகளாக இருக்கும் இது கடலில் விளையும் பாசியிலிருந்து எடுக்கப்படுவது. ‘அகர் அகர்’ என்று அட்டையில் போட்டிருப்பதும் இதுவே. மன்னார் வளைகுடாவில், மண்டபம், ராமேசுவரம் பகுதியில் மீனவப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசிதான் நம் நாட்டு அகருக்கு முக்கிய மூலப்பொருள். அதை மதுரைப் பக்கத்து ஆலைகளில் வேக வைத்து, வடிகட்டி, உறைய வைத்து, மறுபடி உருக விட்டு உலர்த்துகிறார்கள். அங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அவற்றைச் சுற்றிப் பாசி எடுப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. நம் கயிற்றில் தொங்கும் பத்து கிராம் பொட்டலத்துக்குப் பின்னால் இவ்வளவு பாடு உண்டு.

சிங்கப்பூர், மலேசியா போய் வந்தவர்கள் சிலர், “அங்கே கறுப்பா ஒரு ஜெல்லி போட்டு ஐஸ் தண்ணி குடிச்சோம், கிராஸ் ஜெல்லின்னு சொன்னாங்க, இருக்கா?” என்று கேட்பார்கள். அங்கே ‘சின்சாவ்’ என்று வழங்கும் அந்தக் கறுப்பு ஜெல்லி வேறு. அது துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியை உலர்த்திக் கொதிக்க வைத்து, மாவு சேர்த்து உறைய வைப்பது. லேசான கசப்பு இருக்கும். அதைக் கேட்பவரிடம் சைனா கிராஸை எடுத்துக் கொடுத்து விட்டு, வாய்த் தகராறுக்கு ஆளாக வேண்டாம். “அது வேற, இது வேற, இதையும் அதே மாதிரி ஐஸ் போட்டுச் சாப்பிடலாம்” என்று சொல்லிக் கொடுத்தால் அவரே வாங்கிக் கொள்வார்.

இதை விடப் பெரிய குழப்பம் ஜெலட்டினால் வருகிறது. நமக்கே நடந்ததைச் சொல்லி விடுகிறோம். ஒரு நோன்புக் காலத்தில் வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் கடல்பாசி கேட்டார். கடைப் பையன் ‘ஜெல்லிக்குப் போடுறது’ என்று நினைத்து, பக்கத்தில் இருந்த ஜெலட்டின் தூள் பொட்டலத்தைக் கொடுத்து விட்டான். மறுநாள் அவர் வந்து, “அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் காய்ச்சி ஊத்தினது இன்னும் தட்டுல தண்ணியாவே கெடக்கு, பாசி பழசா?” என்றார். பொட்டலத்தைப் பார்த்த பிறகுதான் நமக்கு விஷயம் புரிந்தது. ஜெலட்டின் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. “பாய், தப்பு எங்க மேல, அதை யாரும் சாப்பிட்டுடாதீங்க” என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். உறையாமல் போனதால் நல்ல வேளையாக யாரும் வாயில் வைக்கவில்லை. உறைந்திருந்தால் நோன்பு திறக்கும் நேரத்தில் அந்த வீட்டார் அதைத்தான் சாப்பிட்டிருப்பார்கள். அவர் சிரித்துக் கொண்டேதான் போனார். நமக்குத்தான் அன்று முழுவதும் மனம் சரியில்லை.

அன்று முதல் நம் கடையில் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. பச்சைக் குறி உள்ளது கடல்பாசி, பழுப்புக் குறி உள்ளது ஜெலட்டின் என்று பையன்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறோம். நோன்பாளிகளுக்கு மட்டுமல்ல, சைவ உணவுக்காரர்களுக்கும் இது மனம் நோகிற விஷயம். குறி இல்லாத உதிரித் தூளைக் கொள்முதல் செய்யாமல் இருப்பதே நல்லது.

அந்தப் பெரியவரின் தட்டு ஏன் உறையவில்லை என்பதிலேயே செய்முறையின் பாதி அடங்கியிருக்கிறது. ஜெலட்டினுக்குக் குளிர்பெட்டி வேண்டும். கோடை வெப்பத்தில் அது இளகி விடும். கடல்பாசி அப்படியல்ல. சுமார் 40 டிகிரிக்குக் கீழே ஆறினாலே உறையும். உறைந்தது மறுபடி உருக ஏறக்குறைய கொதிநிலை வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டிலும் செய்யலாம் என்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.

பத்து கிராம் இழைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கு. இழையைக் கத்தரித்து அரை மணி நேரம் ஊற வைத்துப் பிழிந்து, தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் ஒரு இழை கூடக் கண்ணுக்குத் தெரியாதபடி கரையும் வரை காய்ச்ச வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். “உறையவில்லை” என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் அவசரப்பட்டதால் வருபவை. கரைந்த பிறகுதான் சர்க்கரை. எலுமிச்சைச் சாறு சேர்ப்பதாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. புளிப்போடு கொதித்தால் பாசியின் பிடிப்பு குறைந்து விடும். துணியில் வடிகட்டி எவர்சில்வர் தட்டில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் உறைந்து விடும். குடிக்கிற பானத்தில் போட வில்லையாக வெட்ட வேண்டியதில்லை, கரண்டியால் கீறி விட்டால் போதும்.

பாதாம் பிசினில் வேறு தொல்லை. கருவேலம் பிசினைக் கலந்து விடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மொத்தக் கடையிலிருந்து மாதிரி வாங்கி, இரவு ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். நல்ல சரக்கு காலையில் ஐஸ் சீவலைப் போலப் பொங்கி நிற்கும், கரையாது. கருவேலம் பிசின் கரைந்து பசையாகி விடும். வாடிக்கையாளரிடம், “ரெண்டு துண்டு போதும்மா, பொங்கிடும்” என்று சொல்லாவிட்டால், பொட்டலம் முழுவதையும் ஊற வைத்து விட்டு அண்டா அண்டாவாக அள்ளிக் கொட்டுவார்கள். ஊறிய பிசினில் மரப்பட்டைத் தூள் இருக்கும். அலசி எடுக்க வேண்டும்.

சப்ஜா விதையை நாம் அலச முடியாது, ஈரம் பட்டதும் வழுவழுப்பாகி விடும். ஆகவே பொட்டலம் போடுமுன் சன்னச் சல்லடையில் சலித்து மண் நீக்குவது கடைக்காரர் வேலை. கால் மணி நேரம் ஊறிய பிறகே குடிக்க வேண்டும். உலர்ந்த விதையை அப்படியே விழுங்கினால் தொண்டையில் அடைத்துக் கொள்ளும், குழந்தைகளுக்கு ஆபத்து. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பொட்டலத்துக்குள் வைக்கலாம்.

வீட்டில் மதுரை ஜிகர்தண்டா போலச் செய்ய விரும்புகிறவர்களுக்கு: ஒரு லிட்டர் பாலை முக்கால் லிட்டராக வற்றக் காய்ச்சிச் சர்க்கரை போட்டுக் குளிர வைக்க வேண்டும். தம்ளரில் இரண்டு கரண்டி கடல்பாசி, ஒரு கரண்டி பாதாம் பிசின், இரண்டு கரண்டி நன்னாரி சர்பத், அதன் மேல் பால், ஐஸ். நன்னாரி சர்பத் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலுமிச்சை உப்பு சேர்ந்த சர்பத்தைப் பாலில் ஊற்றினால் பால் திரிந்து போகும். பாலுக்கா, தண்ணீருக்கா என்று கேட்டு விட்டு, பாலுக்கு என்றால் பாட்டில் சீட்டில் சிட்ரிக் ஆசிட் இல்லாததைப் பார்த்துக் கொடுங்கள். ஐஸ் வெளியில் வாங்குவதை விட, காய்ச்சி ஆறிய தண்ணீரை வீட்டிலேயே உறைய வைப்பது நல்லது.

இருப்பு வைப்பதில் இவை அதிகத் தொல்லை தருவதில்லை. கடல்பாசியைப் பெருங்காயம், மசாலாவுக்குப் பக்கத்தில் வைத்தால் வாசனையை இழுத்துக் கொள்ளும். ஈரம் பட்டால் பழுப்பேறும். மாசியிலேயே கோடைச் சரக்கை வாங்கி, காற்றுப் புகாத டின்னில் போட்டு வைத்தால், ஆனியில் மீந்தாலும் அடுத்த நோன்புக்கு ஆகும். பொட்டலச் சீட்டில் உள்ள தேதியை மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.