ஷார்ட்ஸ் மட்டும் பிளாக் பண்ண ஒரு பட்டன் வைக்க முடியாதா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இலவசமா கிடைக்கிற ஒரு சாஃப்ட்வேர்ல நமக்கு வேண்டிய ஒரு வசதி இல்லைன்னா என்ன செய்வோம்? "இதையும் சேர்த்துடுங்களேன்"னு செய்றவங்ககிட்ட கேட்போம். இதுக்குப் பேர்தான் ஃபீச்சர் ரிக்வெஸ்ட். மியூசிக் பிளேயர்லயோ நோட்ஸ் ஆப்லயோ இப்படிக் கேட்டா பெரிய பிரச்சினை இல்லை. சேர்த்தா நல்லது, சேர்க்கலைன்னா வேற ஆப்.

ஃபயர்வால்ல மட்டும் கதை வேற. உங்க நெட்வொர்க்குக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் நடுவுல உட்கார்ந்து, எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம்னு முடிவு பண்றது அது. அதுல புதுசா ஒண்ணு சேர்க்கிறது, மதில் சுவர்ல புதுசா ஒரு ஜன்னல் வைக்கிற மாதிரி. காத்து வரும்தான். ஆனா அந்த ஜன்னலுக்கும் தாழ்ப்பாள் போடணும், தினமும் பார்த்துக்கணும். அதனாலதான் ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வால் செய்றவங்க பல கோரிக்கைகளுக்கு "முடியாது"ன்னு சொல்றாங்க. அந்த "முடியாது" சில நேரம் நம்மைக் காப்பாத்துது, சில நேரம் நமக்கு ஒத்து வராது. ரெண்டையும் இன்னைக்குப் பார்க்கலாம்.

கேட்டது ஒண்ணு, தேவை ஒண்ணு

எங்க ஊர் பண்ருட்டியில தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் டியூஷன் சென்டர் நடத்துறார். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல ரெண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, அதுல ஓபிஎன்சென்ஸ் ஓடுது. ஓபிஎன்சென்ஸ் ஒரு ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வால். ஒரு நாள் அவர் கேட்டார்: "தம்பி, பாடம் பார்க்க யூடியூப் வேணும். ஷார்ட்ஸ் மட்டும் வேணாம். அதுக்கு ஒரு பட்டன் வைக்கச் சொல்லி எழுதிப் போட முடியாதா?"

கேட்க எளிமையா இருக்கு. ஆனா ஃபயர்வால் கண்ணுல இது எப்படித் தெரியும்னு பாருங்க. நீங்க யூடியூபுக்குப் போகும்போது, உங்க போனுக்கும் அந்த சர்வருக்கும் நடுவுல போறது எல்லாம் பூட்டின கவர். கவர் மேல இருக்கிற முகவரியை, அதாவது யூடியூப்னு ஒரு பெயரை, ஃபயர்வால் படிக்க முடியும். உள்ளே இருக்கிறது முழு வீடியோவா, ஷார்ட்ஸா, அதுக்குத் தெரியாது. ரெண்டுக்கும் முகவரி ஒண்ணுதான். போதாக்குறைக்கு, அந்தப் பெயரையும் மறைக்கிற நுட்பம் இப்போ பரவ ஆரம்பிச்சிருக்கு.

அப்போ வழியே இல்லையா? ஒரு வழி இருக்கு. கவரைப் பிரிச்சுப் படிச்சு, திரும்ப ஒட்டி அனுப்பணும். அதுக்கு ஒவ்வொரு பையன் போன்லயும் நம்ம சொந்த சான்றிதழை ஏத்தி, "இந்த ஃபயர்வால் சொல்றதை எல்லாம் நம்பு"ன்னு சொல்லணும். ஏத்தின பிறகு அந்த வைஃபையில அவன் பிரவுசர்ல எந்த சைட்டுக்குள்ள லாகின் பண்ணாலும், பாஸ்வேர்டு உட்பட, டியூஷன் சென்டர் கம்ப்யூட்டர் வழியா திறந்த நிலையில போகும். அந்தக் கம்ப்யூட்டரை ஒருத்தன் ஹேக் பண்ணா, முப்பது பசங்களோட தகவல் ஒரே இடத்துல கிடைச்சிடும். இவ்வளவு செஞ்சும் பலன் சந்தேகம்தான். 2016-ல வந்த ஆண்ட்ராய்டு 7-ல இருந்து, இப்படி நாமளா ஏத்துற சான்றிதழை ஆப்கள் வழக்கமா நம்புறதே இல்லை.

அதாவது "ஒரு பட்டன்"னு நினைச்சது, உண்மையில பசங்க போனை மொத்தமா திறந்து வைக்கிற வேலை. இந்தக் கோரிக்கைக்கு எந்த டெவலப்பர் "முடியாது"ன்னு சொன்னாலும், அவர் அந்தப் பசங்க பக்கம் நிக்கிறார்னுதான் அர்த்தம்.

நான் அண்ணன்கிட்ட திருப்பிக் கேட்டேன்: "அண்ணே, ஷார்ட்ஸை விடுங்க. பிரச்சினை என்ன?" சாயங்காலம் ஆறு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும், பாடம் நடக்கும்போது பசங்க கவனம் போனுக்குப் போகுது. அவ்வளவுதான். இதுக்குப் புது ஃபீச்சரே தேவையில்லை. பசங்களுக்கு ஒரு வைஃபை, வாத்தியார் கம்ப்யூட்டருக்குத் தனி நெட்வொர்க். பாடம் நடக்கிற நேரத்துல பசங்க நெட்வொர்க்கை மூடுற மாதிரி ஒரு ரூல், அதுக்கு ஒரு கால அட்டவணை. ரெண்டுமே அதுல ஏற்கெனவே இருக்கு. பையன் சொந்த சிம் டேட்டாவுல பார்த்தா? அது நம்ம ஃபயர்வால் வழியாவே போகாது. அங்க சாஃப்ட்வேருக்கு வேலை இல்லை, அண்ணனோட அதட்டலுக்குத்தான் வேலை.

அவசரமா வந்த ஃபீச்சர்

நல்ல கோரிக்கையே ஆனாலும் அவசரப்பட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஒரு உண்மைச் சம்பவம். வயர்கார்டுன்னு ஒரு விபிஎன் இருக்கு. ஜேசன் டோனென்ஃபெல்ட் உருவாக்கினது. சின்ன கோடு, நல்ல வேகம். 2020 மார்ச்ல லினக்ஸ் 5.6 கெர்னலோடயே சேர்ந்து வந்தது. அப்புறம் எல்லாருக்கும் அது வேணும். பிஎஃப்சென்ஸ்ங்கிற ஓப்பன் சோர்ஸ் ஃபயர்வாலை லினக்ஸ்ல கட்டலை, ஃப்ரீபிஎஸ்டி மேல கட்டியிருக்காங்க. அங்க கெர்னலுக்குள்ள அப்போ வயர்கார்டு இல்லை. அதனால பிஎஃப்சென்ஸை நடத்துற நெட்கேட் நிறுவனம் செலவு பண்ணி அதை எழுத வெச்சது. 2021 பிப்ரவரியில பிஎஃப்சென்ஸ் 2.5.0-ல அது வந்தது.

அடுத்த மாசம் டோனென்ஃபெல்ட், வேற ரெண்டு டெவலப்பர்களோட சேர்ந்து அந்தக் கோடைப் பிரிச்சுப் பார்த்தார். சரிபார்க்க வேண்டிய இடத்துல எதையும் பார்க்காம "சரி"ன்னு சொல்ற ஃபங்ஷன்கள், நேர மோதலைச் சமாளிக்க நடுவுல சும்மா தூங்க வைக்கிற வரிகள், நினைவகம் வழியுற பிழைகள்னு அவர் வெளிப்படையாவே பட்டியல் போட்டார். ஏப்ரல்ல ஃப்ரீபிஎஸ்டி 13.0 வந்தப்போ, வயர்கார்டு அதுல இல்லை. கடைசி நேரத்துல எடுத்துட்டாங்க. பிஎஃப்சென்ஸும் தன்கிட்ட இருந்து அதை நீக்கிட்டு, பிறகு தனி பேக்கேஜா கொண்டு வந்தது. ஃப்ரீபிஎஸ்டி கெர்னலுக்குள்ள அது ஒழுங்கா திரும்பி வர 2023 ஏப்ரல், 13.2 பதிப்பு வரைக்கும் ஆச்சு.

வயர்கார்டு கேட்டவங்க தப்பா எதுவும் கேட்கலை. ஆனா "எப்போ வரும், எப்போ வரும்"ங்கிற கேள்விக்கும், "சரியா வந்திருக்கா"ங்கிற கேள்விக்கும் நடுவுல ரெண்டு வருஷ தூரம் இருந்திருக்கு.

நம்ம நாட்டு ஃபயர்வால் ஒண்ணு

இப்போ உங்க பாக்கெட்டுக்கு வருவோம். ரீதிங்க்னு ஒரு ஆண்ட்ராய்டு ஃபயர்வால் ஆப் இருக்கு. நம்ம நாட்டு டெவலப்பர்கள் செய்றது, ஓப்பன் சோர்ஸ். மொசில்லா பில்டர்ஸ் திட்டத்தோட ஆதரவு கிடைச்ச புராஜெக்ட். தினம் 1.5 ஜிபி பேக்ல ஓட்டுறவங்களுக்கு, எந்த ஆப் பின்னாடி உட்கார்ந்து டேட்டாவைத் தின்னுதுன்னு பார்த்து நிறுத்த இது உதவும்.

போனை ரூட் பண்ணாம ஃபயர்வால் ஓடணும்னா ஆண்ட்ராய்டுல வழக்கமான வழி இதுதான். ஆப் தன்னை ஒரு விபிஎன் மாதிரி காட்டிக்கிட்டு, எல்லா டிராஃபிக்கையும் போனுக்குள்ளயே தன் வழியா திருப்பணும். ஆனா ஒரு நேரத்துல ஒரே ஒரு விபிஎன்தான் ஓட ஆண்ட்ராய்டு விடும். அப்போ ஃபயர்வாலும் வேணும், உண்மையான விபிஎன்னும் வேணும்ங்கிறவங்க என்ன செய்வாங்க?

இந்தக் கோரிக்கையைத்தான் நல்ல கோரிக்கைன்னு சொல்லுவேன். ஏன்னா இதைப் பயனர் தரப்புல எந்த செட்டிங்கை மாத்தியும் சரிபண்ண முடியாது. அந்த ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கிற ஆப் மட்டும்தான் சரிபண்ண முடியும். ரீதிங்க் தனக்குள்ளயே வயர்கார்டைச் சேர்த்தது. இப்போ ஃபயர்வாலும் விபிஎன்னும் ஒரே ஆப்ல ஓடும்.

அதே ஆப்ல இன்னொரு வசதி இருக்கு. நீங்க திரையில பயன்படுத்தாத ஆப்களுக்கு நெட் கிடையாதுன்னு சொல்லலாம். கேட்க அருமையா இருக்கு. ஆனா இப்போ எந்த ஆப் திரையில இருக்குன்னு தெரிஞ்சுக்க, அதுக்கு ஆக்சசிபிலிட்டி அனுமதி கொடுக்கணும். திரையில நடக்கிறதைப் பார்க்க விடுற அனுமதி அது. மோசடி ஆப்கள் ஆசைப்பட்டுக் கேட்கிறதும் அதைத்தான். வசதிக்கு ஒரு விலை இருக்கு, அதைக் கொடுக்கலாமா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஒரு ஃபீச்சரைக் கேட்கும்போதே "இதுக்கு என்ன அனுமதி தேவைப்படும்"னு யோசிச்சா, பாதிப் பதில் நமக்கே கிடைச்சிடும்.

180 நாள் லாக்

ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். 2022 ஏப்ரல் 28-ல செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. நிறுவனங்கள் தங்களோட கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும், அதுவும் இந்திய எல்லைக்குள்ள. உடனே மனசுல வர்ற கோரிக்கை: "ஃபயர்வால்லயே 180 நாள் லாக் சேமிக்க ஒரு ஆப்ஷன் வேணும்."

ஒரு கணக்குப் போடலாம். ஒரு லாக் வரி 200 பைட், நொடிக்கு 50 வரின்னு வைங்க. ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 864 எம்பி. 180 நாளைக்கு 155 ஜிபிக்கு மேல. பல சின்ன ஃபயர்வால் பெட்டியில மொத்த டிஸ்கே 32 ஜிபிதான். டிஸ்க் நிரம்பினா ஃபயர்வாலே தடுமாறும். அதைவிட முக்கியம், பெட்டிக்குள்ள புகுந்த திருடன் முதல்ல அழிக்கிறது அந்த லாக்கைத்தான். அதனால லாக்கை உடனுக்குடன் வேற மெஷினுக்கு அனுப்பணும். அந்த வசதி, ரிமோட் சிஸ்லாக், எல்லா நல்ல ஃபயர்வால்லயும் பல வருஷமா இருக்கு.

"முடியாது"ன்னா முடிஞ்சதா?

இல்லை. ஓப்பன் சோர்ஸோட அழகே இங்கதான் இருக்கு. 2003-ல சுவிட்சர்லாந்துக்காரர் மனுவேல் காஸ்பர், மோனோவால்னு ஒரு ஃபயர்வால் வெளியிட்டார். சின்னச் சின்ன பெட்டியில, மெமரி கார்டுல இருந்து ஓடுற மாதிரி கச்சிதமா வெச்சார். பெரிய கம்ப்யூட்டர்ல ஓடணும், கூடுதல் பேக்கேஜ் போடணும்னு ஆசைப்பட்டவங்களுக்கு அந்தக் கச்சிதம் போதலை. அவர்கிட்ட சண்டை போடாம, 2004-ல கிறிஸ் பியூக்லரும் ஸ்காட் உல்ரிச்சும் அதே கோடை எடுத்துத் தனியா ஆரம்பிச்சதுதான் பிஎஃப்சென்ஸ். 2015 ஜனவரியில நெதர்லாந்தோட டெசிசோ நிறுவனம் பிஎஃப்சென்ஸ்ல இருந்து பிரிஞ்சு கொண்டு வந்தது ஓபிஎன்சென்ஸ். அடுத்த மாசமே காஸ்பர் மோனோவாலை நிறுத்திட்டு, தன் பயனர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் போகச் சொன்னார். பன்னிரண்டு வருஷம் தன் ஆளுமையில இருந்ததை, தன் கோடோட பேரப்பிள்ளைகிட்ட ஒப்படைச்சுட்டுப் போனார்னு சொல்லலாம்.

சரி, எப்படிக் கேட்கணும்?

முதல்ல பிரச்சினையைச் சொல்லுங்க, தீர்வை அப்புறம் சொல்லுங்க. "இந்த பட்டன் வேணும்"னு ஆரம்பிக்காதீங்க. யார், எங்க, எத்தனை மெஷின், என்ன நடக்குது, என்ன நடக்கணும்னு எழுதுங்க.

ரெண்டாவது, இருக்கிற வசதிகளை வெச்சு நீங்க என்ன முயற்சி பண்ணீங்கன்னு சொல்லுங்க. பாதி நேரம் எழுதும்போதே விடை தெரிஞ்சிடும்.

மூணாவது, இந்த ஃபீச்சர் தப்பாப் போனா யாருக்கு அடிபடும்னு ஒரு வரி எழுதுங்க. அந்த ஒரு வரி இருந்தா டெவலப்பர் உங்க கோரிக்கையை நின்னு படிப்பார்.

நாலாவது, நெருக்காதீங்க. இது வெறும் மரியாதைக்காகச் சொல்றது இல்லை. எக்ஸ்இசட்ங்கிற லைப்ரரியைப் பல வருஷமா தனியா பார்த்துக்கிட்டிருந்தவர் லாஸ்ஸே காலின். 2022-ல முகம் தெரியாத சில கணக்குகள், "ஏன் இவ்வளவு தாமதம், வேற ஆளைப் போடுங்க"ன்னு அவரை நெருக்கிக்கிட்டே இருந்தாங்க. களைச்சுப்போனவர், உதவ வந்த ஒருத்தருக்குப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்தார். அந்த "உதவி" செஞ்சவர்தான் உள்ளே ஒரு பின்கதவு வெச்சது, 2024 மார்ச்ல வெளியே வந்தது. பல லினக்ஸ் சர்வர்களுக்குள்ள நுழைய வெச்ச கதவு அது. பயனர் கோபம் மாதிரி வேஷம் போட்டாலே ஒரு புராஜெக்டை உடைக்கலாம்னு காட்டின சம்பவம். உண்மையான பயனர்களான நாம அந்தக் கூச்சல்ல குரல் சேர்க்க வேணாம்.

கடைசியா, கோடு எழுதத் தெரியாதுன்னு ஒதுங்காதீங்க. பீட்டா பதிப்பை உங்க வீட்டு நெட்வொர்க்ல ஓட்டிப் பார்த்து, எங்க உடையுதுன்னு தெளிவா எழுதி அனுப்பினாலே அது பெரிய பங்களிப்பு. ரீதிங்க் மாதிரி ஆப்களுக்கு நம்ம ஊர் நெட்வொர்க்ல, நம்ம ஊர் விலைக்குக் கிடைக்கிற போன்ல எப்படி ஓடுதுங்கிற தகவல், வெளிநாட்டுல இருக்கிறவங்க யாராலயும் தர முடியாது.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை தர்றேன். உங்க வீட்டு ரவுட்டர் செட்டிங்கைத் திறந்து, நீங்க தொடாத, ஆனா ஆன்ல இருக்கிற வசதிகள் எத்தனைன்னு எண்ணுங்க. தேவையில்லாததை அணைங்க. புதுசா ஒண்ணு கேட்கிறதுக்கு முன்னாடி, இருக்கிற ஜன்னல் எது எது திறந்திருக்குன்னு பார்த்துக்கலாம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.