புகைப்பட வடிகட்டிகள்: கண்ணாடியும் கணக்கும்

புனே நகரின் புகழ்பெற்ற சனிவார் வாடாக் கோட்டையின் தில்லி வாயிலை ஒருவர் கைப்பேசியால் படம் பிடிக்கிறார் எனக் கொள்வோம். அடுத்த கணமே அப்படம் பென்சிற் சித்திரமாக மாறுகிறது. மற்றொரு முறை விரலால் தொட்டவுடன் தைலவர்ண ஓவியம் போலாகிறது. மீண்டும் தொட்டால் நூறாண்டுப் பழமை தோய்ந்த பழுப்பு நிறம் பெறுகிறது. இம்மாற்றங்களைச் செய்யும் ஏற்பாட்டிற்கு 'பில்டர்', அதாவது வடிகட்டி, என்பது பெயர். எதை வடிகட்டுகிறது என்று வினவினால் விடை அத்துணை எளிதன்று.

டிஜிட்டல் புகைப்படம் என்பது உண்மையில் எண்களின் அட்டவணையே ஆகும். படப்பரப்பு மிக நுண்ணிய புள்ளிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியின் ஒளிச்செறிவும் ஓர் எண்ணாகப் பதிவு செய்யப்படுகிறது. பொதுவாக 0 என்பது முழுக் கருமை; 255 என்பது முழு வெண்மை. வண்ணப்படமாயின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றிற்கும் தனித்தனி எண்கள் உண்டு. வடிகட்டி செய்வதெல்லாம் இவ்வெண்களின் மீது ஒரு கணக்கைச் செய்வதே.

ஒரு புள்ளியையும் அதனைச் சூழ்ந்த எட்டுப் புள்ளிகளையும் எடுத்துக்கொள்வோம். சூழ்ந்துள்ளவை யாவும் 50. நடுவிலுள்ளது மட்டும் 140. ஒன்பதையும் கூட்டினால் 540, சராசரி 60. நடுப்புள்ளிக்கு 140-க்குப் பதில் 60 என எழுதினால் அதன் துருத்தல் அடங்கி, படம் மென்மையாகத் தோன்றும். முகத்தின் வடுக்களை மறைக்கும் 'அழகு' வடிகட்டிகள் பலவற்றிற்கு அடிப்படை இதுவே.

இனி, நடுப்புள்ளியை எட்டால் பெருக்கி, சூழ்ந்துள்ள எட்டையும் அதிலிருந்து கழிப்போம். எல்லாம் 50 ஆக உள்ள சுவர்ப்பகுதியில் விடை 0. இடப்புற மூன்று புள்ளிகள் 50 ஆகவும் ஏனைய ஆறும் 200 ஆகவும் உள்ள விளிம்பிலோ 1600-இலிருந்து 1150 போக 450 வருகிறது. 255-க்கு மேல் இடமில்லையாதலால் அது முழு வெண்மையாகிறது. ஆக, சுவர் மறைந்து விளிம்பு எஞ்சுகிறது. கருமையையும் வெண்மையையும் இடம் மாற்றினால், வாயிற்கதவின் இரும்பு முட்களும் கல்லின் பொருத்துகளும் பென்சிற் கோடுகளாக நிற்கும். தைலவர்ணத் தோற்றத்திற்குச் சராசரிக்குப் பதிலாகச் சுற்றுப்புறத்தில் மிகுதியாகக் காணும் எண் தெரிந்தெடுக்கப்படுகிறது. பழுப்பு நிறத்திற்கு மூன்று வண்ண எண்களையும் ஒன்றாக்கி, அதற்கேற்ற பழுப்பை இட்டால் போதும்.

அதே நகரில், பல்கலைக்கழக வளாகத்தில் 1988-இல் நிறுவப்பெற்ற, ஐயூக்கா என வழங்கும் வானியல் ஆராய்ச்சி மையம், வேறொரு வகை வடிகட்டியைக் கையாள்கிறது. 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்திலுள்ள 'சூட்' என்னும் தொலைநோக்கி அம்மையத்தின் தலைமையில் உருவானது. அது 200 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர்களில் சூரியனைப் படம் பிடிக்கிறது. அதற்கென 11 வடிகட்டிகள் சுழலும் இரு சக்கரங்களில் பொருத்தப்பட்டுள்ளன. இவை கணக்கல்ல, மெய்யான கண்ணாடி. குறித்த அலைநீளத்தை மட்டும் விடுத்து ஏனையவற்றைத் தடுத்துவிடுவன. தடுக்கப்பட்ட ஒளி பதிவாவதே இல்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு சங்கடமே. கண்ணாடி உண்மையிலேயே வடிகட்டுகிறது, கைப்பேசியில் உள்ளதோ பெரும்பாலும் உருமாற்றியே.

சூட் கருவியின் உணர்பரப்பில் ஒரு பக்கத்திற்கு 4096 வீதம் ஏறத்தாழ 1 கோடியே 68 லட்சம் புள்ளிகள் உள்ளன. அவை தருபவை செறிவு எண்களே அன்றி வண்ணமல்ல. 2023 டிசம்பரில் வெளியிடப்பட்ட சூரியனின் முழுவட்டப் படங்களில் கண்ட வண்ணங்கள், மனிதக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களுக்குப் பின்னர் இடப்பட்டவை. இதனைப் பொய் எனல் பொருந்தாது. இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என்ற நியதி முழுவதும் ஒன்றாக இருக்குமாயின், எது செறிந்தது, எது மங்கியது என்பது மாறுவதில்லை.

விளிம்பைக் கூர்மையாக்கும் கணக்கு அவ்வாறன்று. அது சூரியப்புள்ளியின் ஓரத்தில் கருமையை மேலும் கருக்கி, அருகிலுள்ள ஒளியை மேலும் ஒளிர்விக்கும். அதனால் உண்மையில் இல்லாத ஒரு வெண்வளையம் அங்கே தோன்றக்கூடும். கண்ணுக்கினிய அவ்வளையத்தை அளந்து எவரேனும் முடிவு கூறினால், அது சூரியனைப் பற்றிய முடிவாகாது, கணக்கைப் பற்றியதாகவே அமையும். ஆகவே காட்சிக்குரிய படம் வேறு, அளவைக்குரிய எண்கள் வேறு எனப் பிரித்து வைக்கப்படுகின்றன.

வீட்டுப் படங்களிலும் இந்நிலையே. முன்னர்க் கண்ட 60 என்னும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அது எட்டு 50-களும் ஒரு 140-உம் சேர்ந்து வந்ததா, ஒன்பதும் 60-ஆகவே இருந்தனவா என்று எவராலும் கூற இயலாது. மூலப்படத்தின் மீதே மாற்றத்தைச் சேமித்தவர்க்கு, மறைந்த வடு மட்டுமன்றி அது இருந்ததற்கான சான்றும் போய்விடுகிறது.

ஆதித்யா-எல்1 திரட்டிய அறிவியல் தரவுகளின் முதற்பகுதியை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2025 ஜனவரியில் பொதுவாக வெளியிட்டது. அவ்வெண்களைப் பெற்று, தமக்குப் பிடித்த வண்ணத்தைத் தாமே இட்டுப் பார்க்க விரும்புவோர்க்குத் தடையேதுமில்லை.