ஒன்பது சோதனையில் எண்பத்தொன்று

மறுசுழற்சி பிளாஸ்டிக் விதி பற்றிய கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: 30 சதவீதம் பழைய தானா (பழைய பிளாஸ்டிக்கை உருக்கி எடுத்த மணிகள்) கலந்தால் டப்பா தாங்குமா?

விதியில் இதற்குப் பதில் இல்லை. 2022 பிப்ரவரி அறிவிக்கை, கெட்டியான பொட்டலப் பிளாஸ்டிக்குக்கு 2025-26இல் 30 சதவீதம், 2028-29இல் 60 என்கிறது. அது ஓர் ஆண்டின் மொத்த உற்பத்திக் கணக்கு. உங்கள் கையிலிருக்கும் டப்பாவின் கணக்கல்ல. 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சுமார் 6 லட்சம் போலி மறுசுழற்சிச் சான்றிதழ்களைக் கண்டுபிடித்த பிறகு, காகிதத்துச் சதவீதத்தை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை.

டப்பாவின் ஆயுளில் பெரும்பங்கு மும்பை தாராவியின் 13ஆவது காம்பவுண்ட் போன்ற இடங்களில், பழைய பிளாஸ்டிக் உருகும்போதே முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்பவை நான்கு: உருக்கும் சூடு, உருக்கும் இயந்திரத்தின் திருகு சுழலும் வேகம், உலர்த்தும் நேரம், புதுத் தானாவின் பங்கு. நான்கையும் மும்மூன்று அளவில் மாற்றிப் பார்க்க 81 சோதனை வேண்டும். சிறு கூடங்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஒன்பதே போதும் என்கிறது ‘செங்குத்து அணி’ என்ற அட்டவணை. கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சி.ஆர்.ராவ் 1940களில் அதன் கணிதத்தை வகுத்தார். 1950களில் அங்கே வந்து தங்கிய ஜப்பானியர் கெனிச்சி தகுச்சி, இத்தகைய அட்டவணைகளைத் தொழிற்சாலைகளில் பரப்பினார்.

சூட்சுமம் சமநிலையில் இருக்கிறது. 180, 200, 220 டிகிரி ஒவ்வொன்றிலும் மூன்று சோதனை. அந்த மூன்றுக்குள் திருகின் மூன்று வேகமும் ஒருமுறை வரும். உலர்த்தும் நேரமும் புதுத் தானாவும் அப்படியே. அந்த மூன்றின் வலுவைச் சராசரி எடுத்தால் மற்றவற்றின் தாக்கம் எல்லாச் சூட்டுக்கும் ஒன்றுபோல் ஆகிவிடும். மிஞ்சும் வித்தியாசம் சூட்டினுடையது.

என்னைக் கவலைப்படுத்துவதும் இதே சிக்கனம்தான். 220 டிகிரி தனியாகக் கெடுக்காமல் போகலாம், வேகமும் தனியாகக் கெடுக்காமல் போகலாம். இரண்டும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலி அறுபடும். அந்தச் சேதம் இந்த அட்டவணையில் உலர்த்தும் நேரத்தின் தலையிலும் புதுத் தானாவின் தலையிலும் விழும். கூடக்காரர் தேவையில்லாமல் புதுத் தானா வாங்கிக் கொட்டுவார். ஆகவே, அட்டவணை சொல்லும் சிறந்த அளவுகளை வைத்துப் பத்தாவதாக ஒரு சோதனை கட்டாயம். கணித்த வலு வராவிட்டால் அட்டவணையை நம்பக் கூடாது.

இன்னும் சில கேள்விகள். இந்தச் சோதனைகளை யார் ஓட்டிப் பார்ப்பது? பாலிமர் துறை உள்ள வேதித் தொழில்நுட்ப நிறுவனம் தாராவிக்குப் பக்கத்து மாட்டுங்காவில்தான் இருக்கிறது.

உணவு டப்பாவுக்கும் விதி உண்டா? உண்டு; வேறு சட்டம் தடுத்தால் விலக்குக் கேட்கலாம்.

எந்த வரிசையில் ஓட்டுவது? சீட்டுக் குலுக்கி; இல்லாவிட்டால் மதியத்துக்குள் சூடேறிய இயந்திரமும் கணக்கில் புகுந்துவிடும்.

பழைய தானா எப்படி எடுப்பது? ஒன்பதுக்கும் ஒரே லாட்.