தோல் வழியே வைட்டமின் போகுமா?

மாத்திரை விழுங்க யாருக்குத்தான் பிடிக்கிறது? ஊசி என்றாலோ கேட்கவே வேண்டாம்! "இந்த ஜெல்லைத் தடவுங்கள், வைட்டமின் தோல் வழியே உள்ளே போய்விடும்" என்று யாராவது சொன்னால், கை தானாகவே அந்த டியூபின் பக்கம் நீளுகிறது.

ஜெல் நல்ல சரக்குதான். பெரும்பகுதி தண்ணீர், அதைப் பாகு போல் கட்டிப் பிடித்து வைக்க கார்போமர் போன்ற ஒரு பொருள் கொஞ்சம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தடவியதும் ஜில்லென்றிருக்கும். அதில் கரைந்த மருந்து தோலில் சீராகப் படியும்.

ஆனால் நம் தோல் லேசுப்பட்ட காவல்காரன் அல்ல! அதன் மேலடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50-இல் ஒரு பங்குதான். ஆயினும் மூலக்கூறு எடை 500-க்கு மேற்பட்ட பொருள்களை அது பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். வைட்டமின் சி-யின் எடை 176. வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலுக்கு 286. இவை ஓரளவு நுழையும். முகத்துக்குப் பூசும் ஜெல்களில் இவை இடம் பெறுவது அதனால்தான். கர்ப்பிணிகள் மட்டும் ரெட்டினாலைத் தவிர்க்க வேண்டும்.

பி12-இன் எடையோ ஏறக்குறைய 1,355! கதவிடுக்கில் பீரோவை நுழைக்க முடியுமா? காய்கறியிலும் தானியத்திலும் கிடைக்காத வைட்டமின் இது; சைவ உணவுக்காரர்களுக்கு எளிதில் குறைந்துவிடும். கை கால் மரத்துப் போகிறது, ஓயாத அசதி, மறதி என்றால் ஜெல்லைத் தடவி நாள் கடத்தாதீர்கள். நரம்புக்கு ஏற்படும் சேதம் நிலைத்துவிடக் கூடும். ரத்தத்தைப் பரிசோதித்து, டாக்டர் சொல்லும் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வதே வழி.

முகத்துக்கு ஜெல் இருக்கட்டும், சகோதரிகளே; நரம்பை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்!