எண்ணெயை ஒதுக்கினால் கொழுப்பு கரையுமா?

தம்பி தங்கைகளே, கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கிற உங்கள் ஊர்ப்பக்கம் செம்பனைக்குப் பஞ்சமில்லை. உதிர்ந்த பழம் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்திருப்பீர்கள். விரலெல்லாம் ஆரஞ்சு நிறப் பிசுக்கு! ஆலையில் அந்த நிறத்தை நீக்கிச் சுத்திகரித்த எண்ணெயில்தான் வீட்டில் வடை பொரிகிறது, கோழி வதங்குகிறது.

உடம்பைக் குறைக்க நினைக்கும் பெரியவர்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான். "இனி எனக்கு எண்ணெயே வேண்டாம்" என்பார்கள். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். ஆகவே கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் தட்டிலுள்ள கொழுப்பை விட்டால் வயிற்றிலுள்ள கொழுப்பு போய்விடும் என்பதில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதி இது: ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி ஆற்றல் இருக்கிறது. சோற்றிலும் சீனியிலும் உள்ள மாவுச்சத்தில் கிராமுக்கு 4 கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் அரைக் கோப்பைக்குச் சற்றே அதிகமான சோறும் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றல் தரும். எண்ணெய் கொஞ்சம் கூடினாலே கணக்கு வெகுவாகக் கூடிவிடும்.

மற்ற பாதியைப் புரிந்துகொள்ள, ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு துளி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே மிதக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு சிறிது விட்டுக் கலக்கினால், நுண்துளிகளாக உடைந்து தண்ணீரெங்கும் பரவும். சிறுகுடலில் அந்த சோப்பின் வேலையைச் செய்வது ஈரல் சுரக்கும் பித்தநீர். அது உடைத்துத் தந்த துளிகளைக் கணையநீர் செரிக்கிறது.

இதற்கு நேரம் வேண்டும். அதனால் கொழுப்பு வந்து சேர்ந்ததும் குடலின் சுவர் 'கோலிசிஸ்டோகைனின்' என்ற இயக்குநீரை அனுப்புகிறது. அது பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை வரவழைக்கும். "மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்குச் சொல்லும். "போதும்" என்று மூளைக்கும் சொல்லும். காலையில் நாசி லெமாக்கோடு நிலக்கடலையும் நெத்திலியும் முட்டையும் தின்று பசியாறியவருக்கு உடனே பசிப்பதில்லை. அதில் கொழுப்புக்கும் பங்குண்டு, புரதத்துக்கும் பங்குண்டு. இனிப்புப் பானம் அப்படியில்லை. இரைப்பையை விட்டு விரைவில் இறங்கிவிடும், வயிறும் நிறைந்ததாகத் தோன்றாது. அந்தச் சர்க்கரை எரிகிறவரை உடல் தன் கொழுப்புச் சேமிப்பை அவ்வளவாகத் தொடாது. மிஞ்சிய சர்க்கரையில் ஒரு பகுதியை ஈரல் கொழுப்பாகவும் மாற்றும்.

கொழுப்பே இல்லாமல் வாழ முடியுமா? 1929இல் அமெரிக்காவின் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பில்லா உணவு கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோல் செதில்செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. உடலால் செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் உண்டு, அவற்றைச் சாப்பிட்டுத்தான் பெற வேண்டும் என்பதை அந்த எலிகள் காட்டின. வீட்டோரத்து முருங்கைக்கீரையில் உள்ள கரோட்டின் உடலில் நன்றாகச் சேரவும் கொஞ்சம் எண்ணெய் வேண்டும்.

சரி, எடை குறைய எது நல்லது? கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரு பிரிவாக்கி 12 மாதம் கவனித்தார்கள். முடிவு 2018இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். பெரிய வித்தியாசமே இல்லை! இரு பிரிவினருக்கும் சொல்லப்பட்டது ஒன்றுதான்: சீனியைக் குறையுங்கள், வெள்ளை மாவைக் குறையுங்கள், காய்கறி நிறைய உண்ணுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இனிமேல்தான் வருகிறது. கரைந்த கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையிலா? கழிவறையிலா? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2014இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும். மீதி 1.6 கிலோ தண்ணீராகும். ஆம், கொழுப்பில் பெரும்பகுதி மூக்கு வழியாகத்தான் போகிறது! அந்த வாயுவைத்தான் செம்பனை ஓலை உள்ளிழுத்து, வெயிலின் உதவியால் மறுபடி எண்ணெயாக்குகிறது. மூச்சில் போகிறது என்பதற்காகச் சும்மா உட்கார்ந்து வேகவேகமாக மூச்சு விட்டால் எடை குறையாது, தலைதான் சுற்றும். ஓடியாடித் தசைகள் கொழுப்பை எரிக்க வேண்டும். எரிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட வேண்டும்.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதியும், தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதியும் நிறைகொழுப்பு. அது மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். கெம்போங் மீனிலும் கடலையிலும் உள்ள கொழுப்பு அதைவிட நல்லது.

நீங்கள் வளர்கிற பிள்ளைகள். உங்கள் மூளையின் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் கொழுப்புப் பொருள்தான். ஆகவே, டாக்டர் சொல்லாமல் எண்ணெயை ஒதுக்கிப் பட்டினி கிடக்காதீர்கள். கடையில் பானம் எடுக்கும்போது டின்னின் பின்புறம் 'குலா' (சர்க்கரை) என்ற வரியைப் படியுங்கள். பெரும்பாலான இனிப்புப் பானங்களில், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால், 2019 ஜூலை முதல் அரசே அதற்குத் தனி வரி போடுகிறது. அதை வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள்.